கையைத் தொடச்சிட்டு வையுங்க

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு எப்படியாவது டென்ட் கொட்டாயில் வந்து நின்றுவிடுகிறது. மணலைக் கூட்டி மேடாக்கி உட்கார்ந்தது, ரீல் அறுந்தால் விசிலடித்தது, இடைவேளை முறுக்கு. எல்லாருக்கும் அதே மணல், அதே முறுக்கு. அதைச் சொல்லி உங்களை அறுக்கப் போவதில்லை. எனக்கு ஒரு படத்தைப் பற்றி மட்டும் தெரிய வேண்டும். பெயர் மறந்துவிட்டது. கறுப்பு வெள்ளை. எங்கள் கொட்டாய்க்கு வந்தபோதே கிழடு தட்டிப் போன படம், திரையில் சதா மழைக்கோடு ஓடிக்கொண்டிருந்தது.

கதை இதுதான். ஒரு சோம்பேறி இன்சூரன்ஸ் பணத்துக்கு ஆசைப்பட்டு, ஆற்றில் முழுகிச் செத்துப்போனதாக நாடகமாடிவிட்டுப் பாழடைந்த மண்டபம் ஒன்றில் ஒளிந்துகொள்கிறான். பெண்டாட்டிக்குக்கூடச் சொல்லவில்லை. தாடி வளர்கிறது. ஆடு மேய்க்கிறவர்கள் பார்த்துவிட்டு, சாமியார் வந்திருக்கிறார் என்று ஊரைக் கூட்டிவிடுகிறார்கள். செத்தது நிஜமா என்று விசாரிக்க இன்சூரன்ஸ் ஆபீசர் வருகிறார். வந்தவர் முதல் வேலையாகச் சாமியார் காலில் விழுந்து புரமோஷன் கேட்கிறார். பெண்டாட்டி புருஷனுக்குப் படைத்த சோற்றைத் தினமும் சாமியாருக்குக் கொண்டுவந்து கொடுக்கிறாள். அவன் தன் கருமாதிச் சோற்றைத் தானே உட்கார்ந்து, உப்பு கொஞ்சம் குறைச்சல் என்று சொல்லிச் சாப்பிடுகிறான்.

இதுவரைக்கும் எனக்குத் தெரியும். அதற்கு மேல் தெரியாது. அப்பா எங்களைப் பாதியில் எழுப்பிக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். எங்களை என்றால் என்னையும் அத்தையையும்.

எங்கள் ஊர் இண்டூர் பக்கம். அப்பா இன்சூரன்ஸ் ஏஜெண்ட். கொஞ்சம் நிலமும் இருந்தது, ஆனாலும் ஊருக்கு அவர் 'ஏஜெண்ட்டு'தான். அந்த வேலை எங்கள் பக்கத்தில் லேசுப்பட்டதில்லை. விடிந்ததும் ஒருவர் வாசலில் போய் நின்று, நீங்கள் செத்தால் உங்கள் சம்சாரத்துக்குப் பணம் வரும் என்று சொல்லிப் பாருங்கள், செருப்பு பறக்கும். அப்பா சாவு என்ற சொல்லையே விட்டுவிட்டார். "நாளைக்கே ஒண்ணுன்னு வச்சுக்குங்க" என்பார். அந்த ஒண்ணு எது என்று யாரும் அவரைக் கேட்டதில்லை. கேட்காமலே புரிந்துகொண்டு தலையைச் சொறிவார்கள்.

தலையைச் சொறிந்தவர்கள் உடனே கையெழுத்துப் போட்டதும் இல்லை. "ஆத்தாள ஒரு வார்த்த கேட்டுக்கறமுங்க" என்பார்கள். பூ கேட்பதைத்தான் சொல்கிறேன். மாரியம்மன் சிலையின் வலது தோளில் வெள்ளை அரளி, இடது தோளில் செவ்வரளி. பூசாரி வைத்துவிட்டுத் தள்ளி நிற்பார். வெள்ளை முதலில் விழுந்தால் சரி, சிவப்பு விழுந்தால் வேண்டாம். மாடு வாங்குவது, கிணறு வெட்டுவது, பெண் கொடுப்பது எல்லாவற்றுக்கும் அந்த இரண்டு பூக்கள்தான் முடிவு சொல்லும். அப்பா வந்த பிறகு இன்சூரன்ஸுக்கும் அதே பூக்கள். தருமபுரி ஆபீசில் இதைக் கேட்டுச் சிரித்தார்களாம். அப்பா சிரிக்கவில்லை. தேங்காய் பழம் தன் செலவு என்று சொல்லி ஆட்களைக் கோவிலுக்குக் கூட்டிப்போனார். அவர் கூட்டிப்போன ஒருவருக்கும் சிவப்பு விழுந்ததாக எனக்கு நினைவில்லை. ஆத்தாவுக்கு எங்கள் அப்பாவைப் பிடித்திருக்கிறது என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. அவள் புருஷனுக்குப் போட்ட பாலிசிதான் அப்பாவின் முதல் போணி. மாமா போர் வண்டியில் வேலைக்குப் போகிறவர், பூமியில் துளை போட்டுத் தண்ணீர் எடுக்கும் வண்டி. ஊர் ஊராக, மாநிலம் மாநிலமாகப் போவார்கள், மாசக்கணக்கில் வரமாட்டார்கள். ஒரு தடவை வண்டி வந்தது, மாமா வரவில்லை. வடக்கே எங்கேயோ டீ குடிக்க நிறுத்திய இடத்தில் இறங்கினாராம், வண்டி கிளம்பும்போது ஆளைக் காணோமாம். கூடப் போனவர்கள் அதற்கு மேல் ஒரு சொல் சொல்லவில்லை. அப்பா போய்த் தேடிவிட்டு வந்தார். அந்த ஊர்களில் யாருக்கும் இவர் பேச்சு புரியவில்லை, இவருக்கும் அவர்கள் பேச்சு புரியவில்லை.

குழந்தை இல்லை. அத்தை எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். அப்பா ஆபீசில் கேட்டுக்கொண்டு வந்து, அம்மாவிடம் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "ஏழு வருஷம் போவணுமாம். அது வரைக்கும் கம்பெனியப் பொறுத்த மட்டும் மாப்ள உசுரோடதான் இருக்காரு." ஆகவே மாமாவின் பெயரில் பிரீமியத்தை அப்பாவே கட்டிக்கொண்டு வந்தார். பிறகு கோவிலில் பூ கேட்டார்கள். மாமா வருவாரா? வெள்ளை விழுந்தது. வருவார். கம்பெனியும் ஆத்தாவும் அதுவரை ஒத்துப்போன விஷயம் வேறு ஒன்றும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு அத்தைக்கு வேலை காத்திருப்பது. பொழுது சாய்ந்தால் வாசலில் விளக்கு வைக்க வேண்டும். ராத்திரி உலையில் மாமாவுக்கும் ஒரு பிடி சேர்த்துப் போட வேண்டும். பெயர் வெட்டிய எவர்சில்வர் தட்டு ஒன்று, கல்யாணத்துக்கு யாரோ வைத்த சீர். அதில் மாமாவின் சோற்றைப் போட்டு மூடி வைப்பாள். காலையில் அதில் தண்ணீர் ஊற்றி, வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு அவளே சாப்பிடுவாள். அவள் காலையில் சுடச்சுட எதையும் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. அவளுக்குப் பழைய சோறு பிடிக்கும் போல என்று வீட்டில் எல்லாரும் சொல்லிக்கொண்டோம். இப்போது நினைத்தால் எனக்கு எரிச்சலாக இருக்கிறது. ஒருத்தர்கூட அவளைக் கேட்கவில்லை.

அந்தக் கோடை லீவில் வீடு முழுக்கப் புளி வாசனை. எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் முக்கால்வாசி வீட்டில் அதுதான் வேலை, ஓட்டைத் தட்டிக் கொட்டை எடுப்பது. அத்தை சுத்தியலால் தட்டுவாள், நான் நார் உருவுவேன். விரலெல்லாம் பிசுபிசு என்று இருக்கும். எதைத் தொட்டாலும் கூடவே வரும். கதவைத் தொட்டால் கதவு, பாவாடையைத் தொட்டால் பாவாடை. "கையத் தொடச்சிட்டுத் தொடு கண்ணு" என்று அத்தை நாளெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பாள்.

அப்படித் தட்டிக்கொண்டிருந்த ஒரு நாள் அரூரிலிருந்து பெரியம்மா வந்தாள், அம்மாவின் அக்கா. அங்கே பெண்பிள்ளைகள் ஹாஸ்டலில் சமையலுக்கு ஆள் கேட்கிறார்கள், பள்ளிக்கூடம் திறக்கும்போது வந்து சேர்ந்துவிட வேண்டும், தங்க இடமும் உண்டு என்றாள். சொல்லும்போது அத்தையைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்துச் சொன்னாள். அத்தை சுத்தியலைக் கீழே வைத்தாள்.

"நான் போறன்" என்றாள்.

அப்பா ஒரே போடாக மறுத்துவிட்டார். "நாளைக்கு மாப்ள வந்து நின்னுகிட்டு எம் பொண்டாட்டி எங்கன்னு கேட்டா நான் என்னத்தச் சொல்றது? ஆத்தா வாக்குக் குடுத்திருக்குது."

"அரூருக்கு பஸ்ஸு போவுதுண்ணா. ஏறி வரச் சொல்லு."

"வெளயாட்டா இருக்குதா உனக்கு?"

அத்தை மறுபடி சுத்தியலை எடுத்துக்கொண்டாள். அன்றைக்குப் புளி நிறையத் தட்டினாள். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் அப்பா மனசு மாறாவிட்டால் அந்த வேலை வேறு யாருக்கோ போய்விடும். அதற்கு மேல் அவளை யாரும் எதற்கும் கூப்பிடப் போவதில்லை, விளக்கும் தட்டும்தான். பத்து வயதுப் பெண்ணான எனக்கே அது தெரிந்தது. அவளுக்கு அப்போது இருபத்தைந்து, இருபத்தாறு இருக்கும்.

அந்த நேரத்தில்தான் படம் வந்தது. கொட்டாய்க்காரருக்கு வாய் நீளம். வண்டியில் மைக்கைக் கட்டிக்கொண்டு, "இன்சூரன்ஸ் ஏஜெண்ட்டுங்களும் பூசாரிங்களும் குடும்பத்தோட கண்டு களிக்க வேண்டிய படம்" என்று தெருத் தெருவாகக் கத்திக்கொண்டு போனார். ஊரில் ஏஜெண்ட்டும் ஒருத்தர், பூசாரியும் ஒருத்தர். இரண்டு பேருக்கும் ஓசி டிக்கெட் வீடு தேடி வந்தது. அப்பா அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டார். முதல் ஆட்டத்துக்கு எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். அம்மாவுக்குத் தலைவலி.

நாங்கள் பெண்கள் பக்கம், அப்பாவும் பூசாரியும் ஆண்கள் பக்கத்தில் பெஞ்சு. நடுவில் ஒரு குட்டை மண்சுவர். படத்தில் இன்சூரன்ஸ் ஆபீசர் சாமியார் காலில் விழுந்தபோது ஆண்கள் பக்கம், "ஏஜெண்ட்டு, உங்காளு" என்று குரல் வந்தது. அப்பாவும் சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன். அடுத்து அந்தச் சினிமா ஊர்ப் பூசாரிக்கு, சாமியார் ஊரை விட்டுப் போய்விட்டால் வரும்படி போய்விடுமே என்று கவலை. சாமியார் இருக்கலாமா போகலாமா என்று சாமியிடம் பூ கேட்கிறார். வைப்பதற்கு முன்னால் கேமராவைப் பார்த்து ஒரு கண்ணடிப்பு. செம்புத் தண்ணீரில் விரலை நனைத்து ஒரு பூவின் அடியில் தடவி ஒட்டிவைக்கிறார். ஒட்டிய பூ நிற்கிறது, ஒட்டாத பூ விழுகிறது. ஊரே கன்னத்தில் போட்டுக்கொள்கிறது.

கொட்டாய் அதிர்ந்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவில் எங்கள் ஊர்ப் பூசாரி எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். அவர் தலையின் நிழல் திரையில் பெரிதாக விழுந்து நகர்ந்தது. அதற்கும் சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு வந்ததுதான் கருமாதிச் சோறு. பெண்டாட்டி அழுதுகொண்டே தட்டைக் கொண்டுவந்து வைக்கிறாள், அவன் உப்புக் குறைச்சல் என்கிறான். எல்லாரும் சிரித்தார்கள், ஓய்ந்தார்கள், படம் அடுத்த சீனுக்குப் போய்விட்டது. அத்தை மட்டும் ஓயவில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள், அதையும் மீறி வந்தது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. மணலில் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டு, மூச்சு வாங்கி, மறுபடி சிரித்தாள். பக்கத்தில் இருந்த பெண்கள் தள்ளி உட்கார்ந்தார்கள். ஆண்கள் பக்கம் ஒவ்வொரு தலையாகத் திரும்பியது. திரையில் யாரோ சோகமாகப் பாடிக்கொண்டிருந்தார்கள், ஒருவரும் பார்க்கவில்லை. அப்பா மண்சுவரைத் தாண்டி வந்து, "எழுந்திரு" என்றார். அவ்வளவுதான். நாங்கள் எழுந்தோம்.

வழியில் டார்ச் வெளிச்சம் எங்களுக்கு முன்னால் போனது.

"பாதியிலயே கூட்டிகிட்டு வந்துட்டியேண்ணா" என்றாள் அத்தை.

"உனக்கென்ன அப்படியொரு சிரிப்பு? ஊரே திரும்பிப் பாக்குது."

"பாக்கட்டுமே. அவங்களும் சிரிக்கத்தான காசு குடுத்து வந்தாங்க."

வீட்டுக்கு வந்ததும் அத்தை வழக்கம்போல மாமாவின் தட்டில் சோற்றைப் போட்டாள். மூடியைக் கையில் எடுத்தாள். கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மூடியைத் தள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்து, குழம்பை ஊற்றிப் பிசைந்து, ஆவி பறக்கச் சாப்பிட்டாள். அம்மா பார்த்தாள். மோர்ச் சட்டியை அவள் பக்கம் நகர்த்தினாள். அம்மாமேல் எனக்கு எத்தனையோ குறை உண்டு, ஆனால் அந்த மோர்ச் சட்டிக்காக அவளை மன்னிக்கலாம்.

மறுநாளே ஊர் பேச ஆரம்பித்தது. புருஷன் இருக்கிறானா இல்லையா என்றே தெரியாதவள் இப்படியா சிரிப்பாள் என்று. பூசாரி எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் வாசல்படி மிதித்து நான் பார்த்தது அதுவே முதல் தடவை. சாமியைக் கேலி பண்ணும் படத்தைத் தூக்கச் சொல்ல வேண்டும் என்றார். கம்பெனியையும் கேலி பண்ணுகிறான் என்றார் அப்பா. இருவரும் சேர்ந்து கொட்டாய்க்குப் போனார்கள். பின்னாலேயே நாங்கள் பிள்ளைகள் ஒரு படை. கொட்டாய்க்காரர் டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்துப் பேசினார்.

"சாமியப் பாத்துச் சிரிச்சா பூசாரிக்குக் கோவம் வருது, சரிங்க. இன்சூரன்ஸப் பாத்துச் சிரிச்சா உங்களுக்கு எதுக்குங்க கோவம்? நீங்க ரெண்டு பேரும் கூட்டா?"

இருவரும் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்தார்கள். படப் பெட்டி அடுத்த நாள் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டது, எப்படியும் போக வேண்டிய நாள்தான். தாங்கள் போய்ப் பேசியதால் போனது என்று இரண்டு பேரும் கடைசிவரை சொல்லிக்கொண்டார்கள்.

படம் போனாலும் அந்தப் பூ போகவில்லை. தெருவில் எங்களுக்கு அதுதான் ஆட்டம். குத்துக்கல்லை நட்டு, இரண்டு பக்கமும் அரளியை வைத்து, நாளைக்கு மழை வருமா, கணக்கு வாத்தியாருக்கு மாற்றல் வருமா என்று கேட்போம். எச்சில் தொட்டு ஒட்டிப் பார்த்தோம், தண்ணீர் தொட்டு ஒட்டிப் பார்த்தோம். எதுவும் நிற்காது, இரண்டும் விழும். அத்தை புளி தட்டிக்கொண்டே எங்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு நாள் மாலை அப்பாவிடம் சொன்னாள்.

"அண்ணா, இன்னொருக்கா பூ கேக்கலாம். ஆத்தா காத்திருன்னா நான் இனிமே அரூர்ப் பேச்ச எடுக்கமாட்டன். இல்லன்னா நீ என்னத் தடுக்கக்கூடாது."

அப்பா அவளை நிறைய நேரம் பார்த்தார். "சரி, வெள்ளிக்கெழம" என்றார். இவ்வளவு லேசாக ஒத்துக்கொள்கிறாரே என்று எனக்கு அன்றைக்கே சந்தேகம் வந்தது. நான் அத்தை கட்சி. அவள் அரூருக்குப் போய்விட்டால் எனக்கு யார் தலை பின்னிவிடுவார்கள் என்ற கவலை இருந்தது, ஆனாலும் அத்தை கட்சிதான்.

வெள்ளிக்கிழமை விடியும் முன்னே அப்பா எழுந்து வெளியே போனார். காபிகூடக் குடிக்கவில்லை. கோவில் பக்கத்திலிருந்து அவர் திரும்பி வந்ததை நானும் பார்த்தேன், கோலம் போட்டுக்கொண்டிருந்த அத்தையும் பார்த்தாள். பூசாரியைப் பார்த்துப் பேசிவிட்டு வந்திருக்கிறார் என்று எனக்கே புரிந்தது. அத்தை கோலத்தை முடித்தாள், கையைக் கழுவினாள், அப்பாவிடம் ஒன்றும் கேட்கவில்லை.

கோவிலில் கூட்டம். சாதாரணமாகப் பூ கேட்க வீட்டார்தான் வருவார்கள். அன்றைக்குப் படம் பார்த்தவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள், கொட்டாய்க்காரர் உட்பட. பூசாரி குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை. கற்பூரம் காட்டினார். ஆத்தாளுக்கு விஷயத்தைச் சொன்னார்: போனவன் வருவானா, இவள் காத்திருக்கவா. தட்டிலிருந்து வெள்ளைப் பூவை எடுத்தார்.

"பூசாரி" என்றாள் அத்தை.

அவர் திரும்பினார்.

"கையைத் தொடச்சிட்டு வையுங்க."

அவள் சத்தமாகச் சொல்லவில்லை. என்னிடம் புளிக்கொட்டை எடுக்கும்போது சொல்வாளே, அதே மாதிரி சொன்னாள். ஆனால் அங்கே இருந்த எல்லாரும் படம் பார்த்தவர்கள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. பூசாரியின் முகம் செத்துப்போனது. அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார். பூசாரி பூவைத் தட்டில் போட்டுவிட்டு, துண்டை எடுத்து இரண்டு கையையும் துடைத்தார், விரல் விரலாக. பிறகு தானாகவே சிலையின் இரண்டு தோளையும் துடைத்தார். புதிதாக இரண்டு பூக்களை எடுத்து வைத்தார். வைத்துவிட்டு வழக்கத்தைவிட அதிகமாகத் தள்ளிப் போய் நின்றார்.

வெகு நேரம் ஒன்றும் விழவில்லை. சுற்றுச்சுவர்மேல் காக்கை ஒன்று நடந்தது. யாருடைய குழந்தையோ சிணுங்கியது, வாயைப் பொத்தினார்கள். வேர்வையும் எண்ணெயும் கற்பூரமும் கலந்த வாசனையில் எனக்குத் தலை சுற்றியது. அத்தை கையைக் கூப்பவில்லை. கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றாள். அந்த ஒரு தடவைதான் எங்கள் ஊரில் நிஜமாகவே ஆத்தாளைக் கேட்டார்கள் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

இரண்டு பூவும் ஒன்றாக விழுந்தன.

கூட்டத்தில் முணுமுணுப்பு. பெரியவர் ஒருவர், "ரெண்டும் வுழுந்தா என்னங்க அர்த்தம்?" என்றார்.

"எனக்குத் தெரியலீங்க" என்றார் பூசாரி. அவர் தெரியாது என்று சொல்லி அந்த ஊர் கேட்டதே இல்லை.

"இன்னொருக்கா வையுங்க" என்றார் அப்பா.

"வேணாண்ணா" என்றாள் அத்தை. "ஆத்தா உண்மையச் சொல்லிட்டா. அவளுக்குத் தெரியலயாம். கம்பெனியும் தெரியாதுங்குது. தெரியாதவங்க பேச்சக் கேட்டுகிட்டு நான் எதுக்கு வூட்டுல உக்காந்திருக்கணும்?"

குனிந்து விழுந்த பூ இரண்டையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இரண்டையும் சேர்த்துத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். ஒருவரும் தடுக்கவில்லை. என்னவென்று சொல்லித் தடுப்பது?

பள்ளிக்கூடம் திறக்கும் முன் அவள் கிளம்பினாள். டிரங்குப் பெட்டியை அப்பாதான் தலையில் வைத்துக்கொண்டு பஸ் நிற்கும் இடம்வரை வந்தார். ஏஜெண்ட்டுத் தலையில் பெட்டியைப் பார்த்து டீக்கடையில் எழுந்து நின்றார்கள். தட்டை அத்தை தனியாக ஒரு துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். "அதை எதுக்குடி" என்று அம்மா கேட்டதற்கு, "சாப்புடறதுக்கு" என்றாள். பஸ் போன பிறகு அப்பா கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். நான் அவர் கையைப் பிடிக்கவில்லை. அவர் தோற்றுப்போனதில் எனக்குச் சந்தோஷம். அன்றைக்கு அப்படித்தான் நினைத்தேன், அதற்குப் பிறகும் எத்தனையோ வருஷம் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏழு வருஷம் ஆனதும் கம்பெனி ஆயிரம் சடங்கு பண்ணிவிட்டு மாமா இறந்துவிட்டார் என்று ஒத்துக்கொண்டது. ஆத்தா இன்றுவரை ஒன்றும் சொல்லவில்லை. மாமாவும் வரவில்லை.

அப்பா போய்ப் பல வருஷம் ஆகிறது. போன தை மாதம் ஊருக்குப் போயிருந்தபோது பூசாரியைப் பார்த்தேன். கண் தெரியவில்லை, கோவிலை மகன் பார்த்துக்கொள்கிறான். குரலை வைத்தே என்னைக் கண்டுபிடித்துவிட்டார்.

"ஏஜெண்ட்டு பொண்ணா? உக்காரு பாப்பா. அந்தப் படம் நெனப்பிருக்குதா?"

இருக்கிறது என்றேன்.

"தப்பாக் காட்டிட்டானுங்க. தண்ணியத் தொட்டு வச்சா பூ நிக்காது. சந்தனம். நடு வெரல்ல சந்தனம் துளி இருந்தாப் போதும்."

தெரு முழுக்கத் தண்ணீரும் எச்சிலும் தொட்டு நாங்கள் ஒட்டிப் பார்த்தது ஞாபகம் வந்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை.

"மொத தடவ, 'வருவான்னு வுழட்டும், அவ நம்பிக்கையோட இருக்கட்டும்'னு சொன்னாரு உங்கப்பா. நல்லதுக்குத்தான் சொன்னாரு. ரெண்டாந் தடவ விடியக்காலைல வந்து நின்னாரு. 'பூசாரி, இன்னிக்கி செகப்பு வுழட்டும், அவ போவட்டும். கொட்டாயில அவ சிரிச்சது சிரிப்பே இல்ல. நானாப் போவச் சொன்னா ஊரு அவளப் பேசும், ஆத்தா சொன்னதா இருக்கட்டும்'னாரு. நானும் வெரல்ல சந்தனத்தோடதான் வந்து நின்னன். அதுக்குள்ள உங்க அத்த கையத் தொடைக்கச் சொல்லிட்டா."

பஸ் போன பிறகு அங்கேயே நின்றுகொண்டிருந்த அப்பாதான் கண்ணுக்குள் வந்து நின்றார். தங்கையிடமாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எங்கள் குடும்பத்தில் நல்லதைக்கூடச் சாமி பேரில்தான் செய்ய வரும்.

அங்கிருந்து நேராக அரூருக்கு பஸ் ஏறினேன். அத்தை வேலையிலிருந்து ஓய்வு பெற்று, சொந்த வீட்டில் தனியாக இருக்கிறாள். மத்தியானச் சாப்பாட்டு நேரம். பெயர் தேய்ந்துபோன அந்தத் தட்டில் அவளும், வாழை இலையில் நானும். சாப்பிட்டுக்கொண்டே பூசாரி சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன். அத்தையின் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"அப்ப நான் சும்மா இருந்திருந்தாலே..." என்றாள்.

"ஆமா அத்தை. செகப்புதான் விழுந்திருக்கும்."

"எங்கண்ணனா சொன்னான்?"

"அப்பாதான்."

அவள் உதடு துடித்தது. அழப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். சிரித்தாள். முதலில் மெதுவாக, பிறகு தாங்க முடியாமல். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள், அதையும் மீறி வந்தது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. முன்னும் பின்னும் ஆடிக்கொண்டு, "பாவி, சொல்லித் தொலச்சிருக்கக் கூடாதாண்ணா" என்று மூச்சு வாங்கி, மறுபடி சிரித்தாள். எனக்கும் தொற்றிக்கொண்டது. பக்கத்து வீட்டுப் பெண் ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். சோறு ஆறிப்போனது. இந்தத் தடவை எங்களைப் பாதியில் எழுப்பிக் கூட்டிக்கொண்டு போக யாரும் இல்லை.